ஒரு யூதர்கூட இல்லாத ஊரில் யூதக் கல்லறை எதற்கு? (பினாங்கு)

பிப்ரவரி 9: வாசகர் கேள்வி

போன மாதம் குடும்பத்தோடு பினாங்கு போயிருந்தோம். காரில் போகும்போது வழிகாட்டி ஒரு மதில் சுவரைக் காட்டி, "இதற்குள்ளே 38 ஏக்கரில் யூதர் கல்லறை இருக்கிறது, 1805 ஆம் ஆண்டில் வந்தது, யாரையும் உள்ளே விட மாட்டார்கள்" என்றார். ஊரில் இப்போது ஒரு யூதர்கூட இல்லையாம். அப்படியானால் நகரத்தின் நடுவில் அவ்வளவு நிலத்தைப் பூட்டி வைத்திருப்பது யாருக்காக? எலும்புகளை மரியாதையாக எடுத்து வேறு இடத்தில் புதைத்துவிட்டு, பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ கட்டலாமே. சிங்கப்பூரில் அப்படித்தான் செய்தார்களாம். ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

ஊர் தெரிந்தவன் என்ற முறையில் வருகிறேன். பிறந்து வளர்ந்தது பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன்தான்.

முதலில் அந்த 38 ஏக்கரை விடுங்கள். சுமார் 38,000 சதுர அடி, அவ்வளவுதான். சென்னைக் கணக்கில் 16 கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஏக்கர்கூடத் தேறாது. உங்கள் வழிகாட்டி ஆயிரத்தை விழுங்கிவிட்டு அடியை ஏக்கராக்கிவிட்டார். ஆஸ்பத்திரி கட்டினால் வண்டி நிறுத்தவே இடம் போதாது.

இடம் இதுதான்: பர்மா ரோட்டையும் மெக்காலிஸ்டர் ரோட்டையும் இணைக்கிற குறுக்குத் தெரு. இப்போது பெயர் ஜாலான் ஜைனல் அபிதீன். என் சின்ன வயதில் பெரியவர்கள் யஹூடி ரோடு என்றுதான் சொல்வார்கள், மலாயில் யஹூடி என்றால் யூதர். பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்கள், கல்லறை அங்கேயே இருக்கிறது.

உள்ளே விட மாட்டார்கள் என்பதும் தப்பு. கதவு பூட்டியிருக்கும். தட்டினால் பார்த்துக்கொள்கிறவர்கள் வந்து திறப்பார்கள். என்ன, சுற்றுலாக்காரருக்குத் தட்டுவதற்குப் பொறுமை இருக்காது.

பிப்ரவரி 10

"யாருக்காக" என்ற கேள்வியைத் தள்ளிப் போட்டுவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இந்த விவாத இழையில் பாதிப் பேர் ஐரோப்பியக் கல்லறைகளின் படங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சாய்ந்து நிற்கும் கல், பாசி, மேப்பிள் மரம். அது இங்கே இல்லை.

இங்கே இருப்பவை நிற்கும் கற்கள் அல்ல, படுத்திருக்கும் பெட்டிகள். செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய நீள்பெட்டி, மேலே கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்து முக்கோணமாக முடியும். அதில் ஒரு பளிங்குப் பலகை, எபிரேய எழுத்து, பல கல்லறைகளில் கூடவே ஆங்கிலமும். கிட்டத்தட்ட 107 கல்லறைகள்.

இந்த வடிவத்தைப் பார்த்தாலே இவர்கள் போலந்திலோ ஜெர்மனியிலோ இருந்து வந்தவர்கள் இல்லை என்று தெரிந்துவிடும். பெரும்பாலானவர்கள் பாக்தாத் யூதர்கள். அரபி பேசியவர்கள், ஈராக்கிலிருந்து பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், ஷாங்காய் என்று கப்பல் போன பாதையிலெல்லாம் கடை திறந்தவர்கள். கல்கத்தா நார்கேல்டாங்கா கல்லறையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இங்கே வந்து ஒத்துப் பாருங்கள். ஒரே கொத்தனார் கட்டினாரோ என்று தோன்றும்.

பிப்ரவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

"பாக்தாத்தை விட்டு ஏன் கிளம்பினார்கள்" என்று கேட்ட தம்பிக்கு: இரண்டு காரணம். ஒன்று, 1817 முதல் 1831 வரை அங்கே ஆண்ட தாவூத் பாஷாவின் கெடுபிடி. பணக்கார யூதக் குடும்பங்களைப் பிழிந்தெடுத்தார். பம்பாயில் பெரிய ஆளான டேவிட் சசூன் ஓடி வந்தது அந்தக் காலத்தில்தான். இன்னொன்று சுத்தமான வியாபாரம். பருத்தி, அவுரி, அபின். பிரிட்டிஷ் கொடி பறந்த துறைமுகம் என்றால் வரியும் வழக்கும் ஓரளவு கணக்குக்குள் வரும் என்ற நம்பிக்கை.

நம் செட்டியார்களும் மரைக்காயர்களும் அதே கொடிக்குக் கீழே அதே துறைமுகங்களுக்குப் போனார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

பிப்ரவரி 12

1805 பற்றிய சண்டைக்கு வருகிறேன். "மிகப் பழைய கல்லே 1835தான், அப்புறம் எப்படி 1805? சுற்றுலாத் துறை கட்டிவிட்ட கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கும் அந்த முப்பது வருட இடைவெளி உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்லறையில் இருக்கும் மிகப் பழைய கல் 1835 ஜூலை 9 தேதியிட்டது. ஷோஷான் லெவி என்ற பெண்மணியுடையது. இந்த நிலத்தைக் கொடையாகக் கொடுத்த ஆங்கிலேய யூதச் சீமாட்டி அவர்தான் என்று நம்புகிறார்கள். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. 1805 இல் நிலம் கொடுத்தவர் 1835 இல் காலமாகி அதே நிலத்தில் அடங்கலாம். நடுவில் செத்தவர்களுக்குக் கல் வைக்க வசதி இல்லாமல் போயிருக்கலாம், வைத்த கல் மழையில் போயிருக்கலாம், செத்தவர்களே கைவிரல் எண்ணிக்கைதான் இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் பினாங்கைப் பிடித்தது 1786. ஆனால் கல்கத்தா, பம்பாய், சென்னைக்கு அடுத்ததாக நாலாவது மாகாணம் என்று கம்பெனி பினாங்கை உயர்த்தியது 1805 இல். கவர்னர், கவுன்சில், எழுத்தர் பட்டாளம் என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் உதவிச் செயலாளராக வந்து இறங்கியதும் அந்த வருடம்தான். காகிதமும் முத்திரையும் ஒழுங்காகப் புழங்க ஆரம்பித்த வருடத்தில் ஒரு கல்லறை நிலம் பதிவாகியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இது என் ஊகம், ஆனால் சுற்றுலாத் துறை சதியைவிட இதை நம்புவது எளிது.

பிப்ரவரி 12, தூங்குவதற்கு முன்

கல்லில் தேதி படிக்கத் தெரிந்தவர்களுக்கு இது போர் அடிக்கும், மற்றவர்களுக்காக: எபிரேய எழுத்துக்கள்தான் எண்களும். வருடத்தை எழுதும்போது ஆயிரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். யூத நாட்காட்டியில் 5595 என்றால் 595க்கு உரிய எழுத்து மட்டும் இருக்கும். அதோடு 5000 சேர்த்து, 3760 கழித்தால் 1835. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் அவர்கள் புத்தாண்டு வருவதால், அதற்குப் பிந்திய மாதமாக இருந்தால் கழிக்க வேண்டியது 3761. முதல் தடவை போனபோது நான் இது தெரியாமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன்.

கல்லின் உச்சியில் இரண்டே எழுத்து இருந்தால் அது "இங்கே அடக்கப்பட்டவர்". அடியில் ஐந்து எழுத்து வரிசையாக இருந்தால் அது, அவர் உயிர் வாழ்வோரின் கட்டோடு சேர்த்துக் கட்டப்படட்டும் என்ற வேண்டுதலின் சுருக்கம். வேதாகமத்தில் சாமுவேல் முதல் நூலில் வருவது. இந்த இரண்டும் தெரிந்தால் பாதிக் கல்லைப் படித்த மாதிரிதான்.

பிப்ரவரி 14

சாக்பீஸ் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கிப் படம் எடுத்ததாக ஒருவர் பெருமையாகப் போட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். பளிங்கு அந்தத் தூளைக் குடித்துவிடும். சவர நுரை பூசுவது இன்னும் மோசம். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் போங்கள். நேரம் சரியில்லை என்றால் ஒரு கண்ணாடியை எடுத்துப்போய் வெளிச்சத்தைக் கல்மேல் பக்கத்திலிருந்து சாய்த்து விடுங்கள். தேய்ந்த எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.

பிப்ரவரி 15

"கல்லறை முழுக்க சிமெண்ட் பூசி நாசம் பண்ணிவிட்டார்கள்" என்று கோலாலம்பூர் அக்கா எழுதியது உண்மை. ஒரு காலத்தில் அந்த இடம் பசும்புல் தரை. நகரத்துக்கு நடுவில் ஒரு பச்சைத் திட்டு. இப்போது பெரும்பகுதி சிமெண்ட் தளம். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கும் எரிச்சல்தான். கல்லறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் வித்தியாசம் வேண்டாமா?

அழகு மட்டும் இல்லை பிரச்சினை. என் மாமா பெயிண்ட் காண்ட்ராக்டர், ஒரு சர்ச் கல்லறையில் வருஷா வருஷம் வெள்ளையடிக்கிற வேலை எடுப்பவர். லீவு நாட்களில் நானும் வாளி தூக்கியிருக்கிறேன். அவர் சொல்வார்: பழைய செங்கல் வேலைக்குச் சுண்ணாம்பு போடு, மூச்சு விடும். சிமெண்ட் போட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கலையே தின்னும். பினாங்கு மழை உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் தளம் போட்டுவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காமல் கல்லறையின் அடிக்கே வந்து சேரும். ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்து நிற்கும் பெட்டிகளை எங்கே பார்த்தாலும் காரணம் இதுதான்.

பிப்ரவரி 17

சிமெண்ட் பற்றி எழுதியதை இரண்டு நாளாக மனதில் புரட்டிக்கொண்டிருந்தேன். மாமாவையே கேட்டேன். சிரித்தார்.

"புல் இருந்தா யாரு வெட்டுவா? ரெண்டு மாசம் விட்டா இடுப்பளவு வரும். பாம்பு வரும். கொசு வரும். டெங்கின்னு சொல்லி நகராட்சிக்காரன் வந்து நிப்பான். அரச மரம் ஒண்ணு பெட்டி இடுக்குல முளைச்சா பத்து வருஷத்துல பெட்டியே ரெண்டாப் பொளந்துடும். ஆளு இல்லாத சாமி வீட்டுக்குச் சிமெண்ட்தான் காவல்."

மறுக்க வாய் வரவில்லை. ஒரு சமூகம் பக்கத்தில் இருந்தால் புல்லும் சுண்ணாம்பும் சரி. வருஷம் ஒரு முறை வெள்ளையடிக்க, மாதம் ஒரு முறை புல் வெட்ட ஆள் இருக்கும். ஆளே இல்லாத இடத்தில் இருநூறு வருடக் கல்லறையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், குறைந்த செலவில் நீண்ட நாள் தாங்குவது எது என்றுதான் யோசிப்பார். பாதுகாப்பு வல்லுநர்கள் வந்து பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் புல் வெட்ட அவர்கள் வரப்போவதில்லை.

அதற்காகக் கல்லறைப் பெட்டிகளின் மேலேயே சிமெண்ட் பூசுவதை ஒத்துக்கொள்ள மாட்டேன். தளம் வேறு, பெட்டி வேறு. தளத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சரளை போட்டுவிட்டாலே பாதி ஈரம் குறையும்.

பிப்ரவரி 18

யூதர்கள் எப்போது, எப்படிக் காணாமல் போனார்கள் என்று கேட்டீர்கள்.

1899 இல் பினாங்கில் 172 யூதர்கள் கணக்கில் இருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்னால், 1895 இல், எசக்கியேல் ஆரோன் மெனாசே என்பவர் பாக்தாத்திலிருந்து வந்தார். அடுத்த முப்பது வருடம் பினாங்கில் சமய நெறியைக் கடைப்பிடித்த ஒரே யூதர் தான்தான் என்று அவர் சொல்லிக்கொண்டதாகப் பதிவு. ஒரு பக்கம் 172 பேர், இன்னொரு பக்கம் ஒரே ஒருவர்! இதை வைத்து இங்கே இருவர் அடித்துக்கொள்ளாத குறை. எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. ஊரில் எத்தனை ஐயர் வீடு இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அதில் மூன்று வேளை சந்தியாவந்தனம் பண்ணுகிறவர் எத்தனை பேர் என்பது இன்னொரு கணக்கு.

ஜெப ஆலயம் ஒன்றும் இருந்தது. 1929 இல் திறந்தது. எங்கே தெரியுமா? நாகூர் ரோடு, 28 ஆம் எண். ஆமாம், நம்ம நாகூர்தான். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா கட்டி வைத்த தமிழ் முஸ்லிம்களின் ஊரில் யூதர் கோவிலுக்கு விலாசம் நாகூர் ரோடு. இதைச் சொன்னால் பினாங்குக்காரன் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான், எங்களுக்கு அது சாதாரணம்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். போர் முடிந்து திரும்பியவர்கள் குறைவு. அப்புறம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இஸ்ரேல் என்று கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் விதி. 1976 இல் அந்தப் பத்துப் பேர் தேறவில்லை. ஆலயத்தைப் பூட்டிவிட்டார்கள். கட்டடம் நிற்கிறது, பிறகு கடைகண்ணிக்குப் போய்விட்டது.

கடைசிக் கல் 2011. ஊரின் பெயர்பெற்ற ஓட்டல் ஒன்றில் மேலாளராக இருந்தவர். பினாங்கின் கடைசி யூதர் என்று பத்திரிகைகள் எழுதின.

பிப்ரவரி 18, அதே இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். வடகிழக்கு மூலையில் சில கல்லறைகள் கூட்டத்திலிருந்து தள்ளி இருக்கும். சாதி விலக்கா என்று ஒரு நண்பர் கேட்டார். நேர் எதிர். அவர்கள் கோஹென்கள், பழைய ஆசாரியர் பரம்பரை. கோஹெனுக்குப் பிணத் தீட்டு ஆகாது, இடுகாட்டுக்குள் நுழையக் கூடாது. அதனால் பல ஊர்களில் அவர்களை ஓரத்திலோ வழிப்பக்கமாகவோ அடக்குவார்கள். உறவுக்காரர்கள் மற்ற கல்லறைகளுக்கு நடுவில் போகாமல் நின்று வணங்கிவிட்டுப் போகலாம்.

அந்தப் பக்கம் ஒரு ராணுவ அதிகாரி இருக்கிறார். எலியாஹோ ஹயீம் விக்டர் கோஹென், பிரிட்டிஷ் இந்தியப் படையில் 9 ஆவது ஜாட் ரெஜிமெண்ட், 1941 அக்டோபர் 10 அன்று விபத்தில் இறந்தவர். ஜப்பான் இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு. இந்த ஒரு கல்லறையைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பார்த்துக்கொள்கிறது. வட இந்திய ஜாட்களின் படைப்பிரிவில் யூத அதிகாரி, அடக்கம் மலாயாவில். சாம்ராஜ்யம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க இந்த ஒரு கல் போதும்.

பிப்ரவரி 20

இப்போது சிங்கப்பூர். கேள்வி கேட்டவர் சொன்னது சரி, அங்கே எடுத்துவிட்டார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டில் 1838 வாக்கில் தொடங்கிய யூதக் கல்லறை இருந்தது. எண்பதுகளின் நடுவில் எம்.ஆர்.டி. ரயில் வருகிறது என்று எல்லாவற்றையும் தோண்டி சுவா சூ காங் கல்லறைப் பகுதிக்கு மாற்றினார்கள். இன்று நீங்கள் தோபி காட் நிலையத்தில் இறங்கி வடை வாங்கப் போகிறீர்களே, அந்த இடம்தான். தாம்சன் ரோட்டில் இருந்த இன்னொரு யூதக் கல்லறைக்கும் அதே கதி.

யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் யூதர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இரண்டு ஜெப ஆலயங்கள் நடக்கின்றன. முதல் முதலமைச்சரான டேவிட் மார்ஷலே பாக்தாத் வழி யூதர். பணமும் செல்வாக்கும் உள்ள சமூகம். கல்லறையை வைத்துக்கொள்ள முடியவில்லை. பினாங்கில் ஒருவரும் இல்லை. இஸ்ரேலோடு தூதரக உறவே இல்லாத நாடு. தெருப் பெயரையும் எடுத்துவிட்டார்கள். கல்லறை அப்படியே இருக்கிறது.

ஆள் இருந்தால்தான் கல்லறை நிலைக்கும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை.

பிப்ரவரி 21

"அப்போ மலேசியாக்காரர்கள் பெரிய மனசுக்காரர்கள் என்கிறீர்களா" என்று ஒருவர் கிண்டல். இல்லை ஐயா. மனசைப் பற்றிப் பேசவே இல்லை. காகிதத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

அந்த நிலம் 1885 இலிருந்து ஓர் அறங்காவலர் குழுவின் கையில் இருக்கிறது. சமூகம் கரைந்த பிறகும் குழு சட்டப்படி இருந்தது. கட்டட முதலாளிகள் விலை பேச வராமல் இல்லை. ஆனால் விற்கிற அதிகாரம் தனி ஆள் கையில் இல்லாதபோது விலை பேசி என்ன செய்ய? வீட்டை அப்பா பெயரில் எழுதிவைத்தால் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள், கோவில் பெயரில் எழுதிவைத்தால் குறைந்தபட்சம் கோர்ட்டுக்காவது போக வேண்டும் இல்லையா, அதுதான்.

அதிர்ஷ்டமும் உண்டு. அந்தக் குறுக்குத் தெரு வழியாக இதுவரை ரயில் வரவில்லை. வந்தால் அறக்கட்டளைப் பத்திரம் பெரிய தடையாக இருக்காது. நிலம் கையகப்படுத்தும் சட்டம் 1960 இலிருந்தே இருக்கிறது. யுனெஸ்கோ 2008 இல் ஜார்ஜ் டவுனுக்குப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது சரி, ஆனால் அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது இந்தக் கல்லறை. பாரம்பரிய நகரம் காப்பாற்றும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 21, மதியம்

பத்திரம் பாதி. மீதிப் பாதி, உள்ளேயே தங்கி வாசலைத் திறக்கிற ஆள். நான் போகும்போதெல்லாம் ஒரு கொடியில் துணி காயும், ஒரு கோழி ஓடும், யாராவது தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். சில வெளிநாட்டுப் பயணிகள் இதைப் பார்த்து "கல்லறைக்குள் குடித்தனமா" என்று முகம் சுளித்து எழுதுகிறார்கள். குடித்தனம் போன மறுவாரம் பளிங்குப் பலகையை எவனாவது பெயர்த்துக்கொண்டு போய்விடுவான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பார்த்துக்கொள்கிறவருக்கு எபிரேயம் தெரிய வேண்டியதில்லை, யூதராக இருக்க வேண்டியதும் இல்லை. எந்தக் கல்லைத் தேடி எந்த நாட்டிலிருந்து யார் வந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சிட்னியிலிருந்து பேரன் பேத்திகள் வந்து கேட்டால் நேராகக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். பட்டியல் அவர்கள் தலையில் இருக்கிறது. எனக்குப் பயம் அங்கேதான்.

பிப்ரவரி 23

கிரேக்கத்து சலோனிக்காவைப் பற்றி ஒருவர் நினைவூட்டியதற்கு நன்றி, ஆனால் அதை இதோடு ஒப்பிடாதீர்கள். அங்கே மூன்று லட்சத்துக்கும் அதிகமான யூதக் கல்லறைகள். 1942 டிசம்பரில் ஜெர்மன் ஆக்கிரமிப்பில், நகர நிர்வாகம் கை கொடுக்க, உடைத்தெறிந்தார்கள். கற்களைச் சாலைக்கும் கட்டடத்துக்கும் எடுத்துப்போனார்கள். அதன்மேல் இன்று அரிஸ்டாட்டில் பல்கலைக்கழகம். ஒரு நினைவுச்சின்னம் வைக்கவே 2014 ஆயிற்று. கேள்வி கேட்டவர் "பள்ளிக்கூடம் கட்டலாமே" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த வாசகம் ஏற்கெனவே எங்கே போய் முடிந்திருக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்று. யூத வழக்கப்படி அடக்கியவரை எடுப்பது கூடாது. புனித பூமிக்குக் கொண்டுபோக, அல்லது இருக்கும் இடத்தில் கல்லறைக்கு ஆபத்து என்றால், இப்படிச் சில விதிவிலக்குதான். எரிப்பதும் வழக்கம் இல்லை. "மரியாதையாக எடுத்து வைத்துவிட்டு" என்பது நம் காதுக்கு மரியாதையாகக் கேட்கிறது. அவர்களுக்கு அப்படிக் கேட்காது.

பிப்ரவரி 24

இழை தடம் புரண்டு நாசி கண்டாரில், அதாவது எங்கள் ஊர்ச் சோறு குழம்பில், போய் நிற்கிறது. எந்தக் கடை நல்ல கடை என்று கேட்டவர்களுக்குத் தனிமடல். இங்கே சொன்னால் பினாங்குக்காரர்களுக்குள் ரத்தம் சிந்தும்.

பிப்ரவரி 26

"சென்னையில் யூதக் கல்லறையே கிடையாது, எதற்குப் பினாங்கு கதை" என்று ஒருவர். இருக்கிறது. லாயிட்ஸ் ரோட்டில், இன்றைய அவ்வை சண்முகம் சாலையில். பழைய இடம் மின்ட் தெருப் பக்கம். அங்கிருந்து கற்கள் நகர்ந்து 1983 இல் லாயிட்ஸ் ரோட்டில் வந்து சேர்ந்தன. பவளக்காரத் தெரு என்று இருக்கிறதே, லண்டன் வழியாக வந்த போர்த்துக்கீசிய யூதர்கள் பவளத்தைக் கொண்டுவந்து வைரத்தை வாங்கிக்கொண்டு போன வியாபாரத்தின் அடையாளம். 1688 இல் சென்னை மாநகராட்சி அமைந்தபோது 12 ஆல்டர்மேன்களில் (மாநகராட்சி மன்ற உறுப்பினர்களில்) 3 பேர் யூதர்கள். மாநகராட்சிக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கற்கள் இடம் மாறிய கற்கள். யாருடைய எலும்பு எந்தக் கல்லுக்குக் கீழே என்று அங்கே கேட்கவே முடியாது. பினாங்கில் ஷோஷான் லெவியின் பெயர் இருக்கும் இடத்தில்தான் ஷோஷான் லெவி இருக்கிறார். இந்த வித்தியாசத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பு உங்களுக்கு அதிகமாகப் படலாம். படட்டும்.

மார்ச் 1

போகிறவர்களுக்கு, பலர் கேட்டதால்: சனிக்கிழமை வேண்டாம், யூதர்களுக்கு ஓய்வு நாள், ஊரில் யாரும் இல்லை என்றாலும் வழக்கத்தை மதியுங்கள். ஆண்கள் தலையில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பூ மாலை வேண்டாம், ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கல்லறைமேல் வையுங்கள், அதுதான் முறை. வெளியே வரும்போது கை கழுவுங்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் நாம் குளிப்பதில்லையா, அந்த மாதிரி. திறந்துவிட்டவர் கையில் ஏதாவது கொடுங்கள், தேநீர்க் காசு அல்ல, கொஞ்சம் தாராளமாக.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து "சரி, இடிக்க வேண்டாம். ஆனால் நீங்கள் என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். அதற்குத்தான் நானும் காத்திருந்தேன்.

சிமெண்டைத் தோண்டுவது, புல் போடுவது எல்லாம் அறங்காவலர் விஷயம், நாம் தலையிட முடியாது. நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. 107 கல்லறை என்பது பெரிய எண்ணிக்கை இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எந்த வரிசை, எந்த மூலை என்று ஒரு வரைபடம், பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு மூன்று படம், எபிரேயத்தில் உள்ளது உள்ளபடி, அதன் பொருள் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும். அறங்காவலர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான். பளிங்குப் பலகையில் ஈய எழுத்துப் பதித்த கற்களை முதலில் எடுக்க வேண்டும், அந்த எழுத்துக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். பிறகு வெறும் சாந்தில் கீறியவை. ஆழமாக வெட்டியவை கடைசியில், அவை இன்னும் ஐம்பது வருடம் தாங்கும்.

கண்ணாடி பிடிக்க நான் இருக்கிறேன். கேமரா வைத்திருக்கும் ஈப்போ தம்பி வருவதாகச் சொல்லியிருக்கிறார். எபிரேயம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். செமினரியில் படித்த பாதிரியார்கள் யாராவது இந்த இழையை வாசித்தால் கை தூக்குங்கள். யூத குருமார் பயன்படுத்தும் எழுத்துச் சுருக்கங்கள் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. மழைக்காலம் ஆரம்பிப்பதற்குள் வேலையைத் தொடங்கலாம்.